கூலிப் பட்டியலும் குடிமக்களும்

ஓர் அரசாங்கம் தன் செலவுக் கணக்கை யாருக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது? நம் அரசியல் சட்டம் இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. மாநிலக் கணக்குகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்கிறார்; 151-ஆம் பிரிவின்படி அவருடைய அறிக்கை ஆளுநர் வாயிலாகச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், இவ்வழியில் கணக்கு மேல்நோக்கிச் செல்கிறதேயன்றி, எந்த ஊருக்காகப் பணம் செலவாயிற்றோ அந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை. அதனைத் திரும்பி வரச் செய்த பெருமை இராஜஸ்தானத்துக் கூலியாட்களைச் சாரும்.

ஆரவல்லி மலையை அடுத்த ராஜ்சமந்து, பாலி, அஜ்மீர் வட்டாரங்கள் அடிக்கடி மழை பொய்க்கும் பூமி. வறட்சிக் காலத்தில் ஏரி தூர்த்தல் நீக்குதல், சாலை போடுதல் முதலிய நிவாரண வேலைகளை அரசாங்கம் நடத்தும். அந்தக் கூலிதான் ஊரின் உயிர். அது குறைந்தால் உழைத்தவன் மட்டுமன்று, அவனுக்குக் கடனாகத் தானியம் அளந்த கடைக்காரரும் தவிப்பார். சட்டம் விதித்த கூலி ஏன் கைக்கு வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, “நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேடு அப்படிச் சொல்கிறது” என்ற மறுமொழி கிடைத்தது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க இரகசியம் என்றார்கள். அந்நியர் ஆட்சியில் 1923-இல் பிறந்த இரகசியச் சட்டம் ஏரிக்கரை மண்வெட்டிக் கணக்குக்கும் காவலாயிற்று!

சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து வந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் இம்மக்களிடையே தங்கிப் பணியாற்றினர். 1990 மே 1 அன்று பீம் என்னும் ஊரில் ‘மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ என்ற உழைப்பாளர், உழவர் அமைப்பு உருவாயிற்று.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்துக் கோட்கிரானாவில் இவ்வமைப்பு முதல் பொது விசாரணையை நடத்தியது. கூலிப் பட்டியல்களும் பற்றுச்சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. இத்தகைய கூட்டங்களில் வெளிவந்தவை பல: வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, இறந்தவர் பெயரில் கூலி, பிழைப்புக்காக வெளியூர் சென்றிருந்தவர் பெயரிலும் கூலி. தணிக்கையாளர் முன் இருப்பது காகிதம். கையொப்பமும் தொகையும் பொருந்தினால் அவர் மேற்கொண்டு ஐயுற இடமில்லை. ஆனால் பட்டியலில் உள்ள ஆள் அன்று எங்கே இருந்தான் என்பதை அடுத்த வீட்டுக்காரர் அறிவார். எழுத்தறியாத கிழவிகூட அங்கே தணிக்கையாளரானாள்.

ஆவணங்களின் நகலைப் பெற மக்களுக்கு உரிமை தரப்படும் என்று 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தொடங்கிய மறியல் 40 நாள் நீடித்தது. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பதே முழக்கம். காய்கறி வியாபாரிகளும் நகர மக்களும் ஆதரவளித்தனர். ஊர்க் கூலி தங்கள் கடைக்கும் வந்து சேரும் பணம் என்பதை அவர்கள் அறியாதவர்களா? 1997-இல் ஜெய்ப்பூரில் 53 நாள் மறியல் நிகழ்ந்தது. 2000-இல் இராஜஸ்தானம் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது.

மாநிலங்களுள் முதலாவதாக, 1997-லேயே தமிழ்நாடு அத்தகைய சட்டம் கண்டது உண்மை; எனினும் அதில் விலக்குகள் மிகுதி. 2005-இல் நாடு முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபையே கணக்கை ஆராயும் சமூகத் தணிக்கைக்கு இடமளித்தது.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனிப் பங்குண்டு. வெளியூர் சென்றவனின் பெயர் ஊர்க் கணக்கில் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்தோம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்கியது. இன்ன ஊரில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. காரணம் கூறவும் வேண்டியதில்லை. வரி செலுத்தும் மாநிலத்தின் சாலைக் கணக்கையும், விட்டுவந்த ஊரின் ஏரிக் கணக்கையும் நாம் ஒருசேரக் கேட்கலாம். கோட்கிரானாவில் பட்டியலை வாசிக்கச் சொன்னவர்கள் செய்ததும் அவ்வளவே.