கொழுப்பென்று ஒதுக்கப்பட்ட கொட்டைகள்

கொழுப்பு மிகுந்தவை என்பதாலேயே பாதாமும் அக்ரூட்டும் இதயத்துக்கு ஆகாதவை என ஒதுக்கப்பட்ட காலம் உண்டு. அந்த எண்ணத்தை அசைத்தவர்கள் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அட்வென்டிஸ்ட் திருச்சபையினரைப் பல ஆண்டுகள் கவனித்து 1992இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, வாரம் நான்கு முறைக்கு மேல் கொட்டைகள் உண்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம், அரிதாக உண்டவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். அந்தத் திருச்சபையினரின் புகைபிடிக்காத, ஒழுங்கான வாழ்க்கையே காரணமாகலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒப்பீடு அதே சமூகத்துக்குள்தான் நடந்தது.

1993இல் 18 ஆண்களுக்கு அக்ரூட் சேர்த்த உணவும் சேர்க்காத உணவும் மாற்றி மாற்றித் தரப்பட்டபோது, அக்ரூட் உணவை உண்ட காலத்தில் அவர்களின் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் 16 சதவீதம் குறைவாக இருந்தது. கொட்டைகள் சேர்த்த உணவையும் சோதித்த ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு குறைபாட்டால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தி வெளியிடப்பட்டபோதும் அந்த உணவு இதயநோய் அபாயத்தைக் குறைக்கிறது என்ற அடிப்படை முடிவு நிலைத்தது. ஆக, கொழுப்பின் அளவைவிட அதன் வகையே முக்கியம்.