யார் பெரிய வித்வான்?

தைப்பூசத்துக்கு வந்திருந்த பேரன் கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்கள். 'ரோலிங் ஸ்டோன்' என்ற அமெரிக்கப் பத்திரிகை போட்டது. முதல் இடம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 2003இல் நூறு பேரை வைத்துப் போட்டபோதும் அவர்தான் முதல், 2023இல் இருநூற்றைம்பது பேரை வைத்துப் போட்டபோதும் அவர்தான். "ஒத்துக்கறீங்களா தாத்தா?" என்றான். "கிட்டார் எனக்குத் தெரியாதுடா. ஆனா பட்டியலைப் பத்தி எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும்" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பட்டியல் தெரியாமல் போகுமா? பணிமூப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. பணியில் சேர்ந்த தேதி ஒன்றாக இருந்தால் தேர்வு வரிசை எண், அதுவும் ஒன்றாக இருந்தால் பிறந்த தேதி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பவர் நன்றாக வேலை செய்பவர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் முதலில் சேர்ந்தவர், அவ்வளவுதான். எந்தப் பட்டியலையும் பார்க்கும் முன் அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த அலுவலகம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதே பத்திரிகையின் இன்னொரு பட்டியலைச் சொல்கிறேன். 2003இல் சிறந்த ஐந்நூறு இசைத்தொகுப்புகள் என்று போட்டார்கள். பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தொகுப்புக்கு முதல் இடம். 2020இல் மறுபடி போட்டபோது மார்வின் கே என்பவரின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. சார்ஜன்ட் பெப்பர்ஸ் இருபத்துநான்காம் இடத்துக்கு இறங்கியது. பதினேழு வருஷத்தில் அந்த இசைத்தட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. மாறியது ஓட்டுப் போட்டவர்கள். 2023இல் தலைசிறந்த பாடகர்கள் இருநூறு பேர் என்று ஒரு பட்டியல் வந்தது. லதா மங்கேஷ்கருக்கு எண்பத்துநான்காம் இடம். எம்.எஸ். சுப்புலட்சுமி இருநூறிலும் இல்லை. இதற்காக நான் கோபப்படவில்லை. ஓட்டுப் போட்டவர் கேட்காத குரலுக்கு எப்படி இடம் கொடுப்பார்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். என் வயதுப் பையன்களுக்கு அப்போது பீட்டில்ஸைவிட ஜானி ஹாலிடேதான் பெரியவர். பிரான்ஸில் 1963 ஜூன் 22ஆம் தேதி ஒரு வானொலி நிகழ்ச்சியும் அதன் பத்திரிகையும் சேர்ந்து பாரிஸ் சதுக்கம் ஒன்றில் நடத்திய கச்சேரிக்கு ஒன்றரை லட்சம் இளைஞர்கள் கூடினார்கள், அதில் அவர் பாடினார். 2017 டிசம்பரில் அவர் காலமானபோது பாரிஸ் வீதியில் லட்சக்கணக்கான ஜனம் நின்றது, நாட்டின் அதிபரே வந்து பேசினார். ஆனால் ஆங்கிலத்தில் படித்த என் நண்பர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. இன்று கேட்டால் எனக்கே ஒன்று தோன்றுகிறது. அவருடைய ஆரம்பகாலப் பாட்டுகளில் பல, ஆங்கிலப் பாட்டுகளுக்குப் பிரெஞ்சு வரிகள் போட்டவை. சிறுவயதில் தலையில் தூக்கி வைத்து ஆடியதை எழுபதில் கொஞ்சம் கீழே இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறிப் புகழப்பட்டவர் என்று சொல்வேன். ஆனால் அவர் பாட்டு எங்காவது கேட்டால் கால் தாளம் போடத்தான் செய்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம்மிடமும் இந்தச் சண்டை உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்தால், மூன்றாவது வார்த்தை ராஜரத்தினமா, காருகுறிச்சியா என்றுதான் இருந்தது ஒரு காலம்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். அவர் தோடிக்கு இணையில்லை என்பது இன்றும் பேச்சு. ஆனால் நான் அவரைப் பெரியவர் என்று சொல்வதற்குத் தோடி மட்டும் காரணமில்லை. அவருக்கு முன் நாதஸ்வரக்காரர் என்றால் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடி அல்லது நடந்தபடி வாசிக்க வேண்டும். அவர் கிராப் வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். குட்டையான திமிரிக்குப் பதிலாக நீளமான பாரி நாதஸ்வரத்தை நிலைநிறுத்தினார். நரசிங்கம்பேட்டை ஆசாரி ரங்கநாதன் செய்து கொடுத்த அந்த வாத்தியத்தில் சுருதி இறங்கியது, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசியது. இன்று எந்தக் கல்யாணத்தில் நாதஸ்வரம் கேட்டாலும், அந்தச் சுருதியில் அவர் இருக்கிறார். ஒரு வாத்தியத்தின் உருவத்தையும் அதை வாசிப்பவனின் மரியாதையையும் சேர்த்து மாற்றியவர் எத்தனை பேர்?

காருகுறிச்சி அருணாசலம் அவருடைய சீடர். 1921இல் பிறந்தவர், 1964இல் நாற்பத்துமூன்று வயதுக்குள் போய்விட்டார். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட இவர் வாசித்த ஆபேரி ராகப் பாட்டுதான் இவரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது. என் கருத்தைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பாட்டு காருகுறிச்சிக்குச் செய்த உபகாரம் எவ்வளவோ, அபகாரமும் அவ்வளவு. அவர் என்றாலே அந்த ஒரு பாட்டு என்று ஆகிவிட்டது. அவருடைய நிதானமான ஆலாபனையை ஒரு மணி நேரம் கேட்டவர்களுக்குத்தான் அவர் யார் என்று தெரியும். எனக்குக் கேட்கச் சுகம் காருகுறிச்சி. மலைக்க வைப்பவர் ராஜரத்தினம். இதில் யாருக்கு முதல் இடம் என்று கேட்டால் நான் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன்.

விருதை வைத்தாவது முடிவு செய்யலாமே என்பார்கள். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் ராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவர் மறைந்த அதே 1956இல் அந்தப் பட்டம் ஒரு நாதஸ்வர வித்வானுக்குப் போனது, திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு. அவரும் தகுதியானவர்தான், சந்தேகமில்லை. 1998இல் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கிடைத்தது. காருகுறிச்சிக்கு இல்லை. புல்லாங்குழல் மாலிக்கு இல்லை. எம்.டி. ராமநாதனுக்கு இல்லை. இவர்கள் இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது?

பட்டியலுக்குள் வராமலே போன ஒருவர் நம் மாவட்டத்துக்காரர், காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். சிறுவயதில் குஸ்தியில் நாட்டம், பிறகுதான் சங்கீதம். அதன் பிறகு லயத்தில் அவரை அசைக்க ஆளில்லை என்று ஆனது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல், மோர்சிங் என்று வரிசையாகப் பக்கவாத்தியங்களை உட்கார்த்தி வைத்து நடுவில் இவர் பல்லவி பாடுவார். 'புல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பேர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற சிங்கங்களோடு மைக் இல்லாமல் பாடிய காலம் அது. காஞ்சியில் தியாகராஜர் உற்சவம் நடத்தியவரும் அவர்தான். 1919இல் காஞ்சியில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் மேடையில் பல்லவி பாடக்கூடாது என்றிருந்த வழக்கத்தைப் பின்னாளில் உடைத்தவரும் அந்தப் பட்டம்மாள்தான்.

நாயனா பிள்ளையின் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954இல் சங்கீத கலாநிதி. அவரிடம் பாடம் கேட்ட டி. பிருந்தா 1976இல் சங்கீத கலாநிதி. குருவின் குரலை மட்டும் இன்று யாரும் கேட்க முடியாது. அவர் இசைத்தட்டு கொடுக்கவில்லை. பேரன் கைபேசியில் ஹெண்ட்ரிக்ஸை ஒரு நொடியில் கேட்கலாம். நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் வாழ்ந்த நாயனா பிள்ளையைக் கேட்க வழியில்லை. மக்கள் போடும் 'எக்காலத்திலும் சிறந்தவர்' பட்டியல் எல்லாம், உண்மையில் 'எக்காலத்திலும் பதிவு செய்யப்பட்டவர்' பட்டியல்தான். அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். அதற்குள் அடங்கியவர் பிழைத்தார், அடங்க மறுத்தவர் மறைந்தார்.

இவ்வளவும் தெரிந்தவன் போலப் பேசுகிறேனே, நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

1952இல் பி.வி. கேஸ்கர் மந்திரியான பிறகு அகில இந்திய வானொலியில் வித்வான்களைப் பாடச் சொல்லிக் கேட்டு 'ஏ', 'பி ஹை', 'பி' என்று தரம் பிரித்தார்கள். பெரிய வித்வான்கள் பலர் எதிர்த்தார்கள். ஆனால் ஜனங்களுக்கு அது வசதியாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே 'ரேடியோ வித்வான்' என்று போட்டால் மதிப்பு. எண்பதுகளில் என் தங்கை மகள் கல்யாணம். பெருநகரில் கோயிலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளலாம் என்று தங்கை வீட்டுக்காரர் சொன்னார். தாய்மாமன் நான், சபையில் என் பேச்சு எடுபட வேண்டும் அல்லவா? அவரை வரவழைத்து, நாலு பேர் எதிரில், "ரேடியோவில வாசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க, கோயில்லதாங்க" என்றார். துண்டை இடுப்பிலிருந்து எடுக்காமலே நின்றார். நானும் உட்காரச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து ஒரு ரேடியோ வித்வானை வரவழைத்தோம். நன்றாகத்தான் வாசித்தார். என்ன வாசித்தார் என்று இன்று ஒரு ராகம்கூட நினைவில் இல்லை.

அடுத்த தைப்பூசத்தன்று சுற்று ஊர்ச் சுவாமிகள் எல்லாம் செய்யாற்றில் வந்து இறங்கின. கூட்டம் கலைந்த பின்னிரவு. மணலில் ஒரு ஓரம் படுத்திருந்தேன். பிரம்மபுரீசுவரர் சுவாமிக்கு முன்னால் அந்தப் பெரியவர் வாசிக்கத் தொடங்கினார். முதலில் சண்முகப்பிரியா, பிறகு விடியும் வேளையில் பூபாளம். கேட்பதற்கு ஆற்று மணலும் நாலைந்து பேரும்தான். அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தில் நின்றால் நின்றதுதான். எழுந்து உட்கார்ந்தேன். கல்யாணத்தில் அவரிடம் நான் கேட்ட கேள்வி அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானி போட்டுக்கொண்டு எதை எதிர்த்தாரோ, அதைத்தான் நான் படித்தவன் என்ற மிதப்பில் செய்திருக்கிறேன்.

விடிந்ததும் போய்ப் பேசியிருக்கலாம். பேசவில்லை. வெட்கம். சில வருஷத்தில் அவர் போய்விட்டார். அவர் வாசித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. அப்போது என் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. அதில் ரேடியோவிலிருந்து பெரிய பெரிய பெயர்களைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

உத்திரமேரூர் நம்மிடமிருந்து கூப்பிடு தூரம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும். ஊர் முப்பது குடும்பாகப் பிரிந்திருந்தது. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் நிலம், கல்வி, கணக்குக் காட்டாமல் போனவனாக இருக்கக்கூடாது, சமீபத்தில் வாரியத்தில் இருந்தவனாகவும் இருக்கக்கூடாது என்று விதி. தகுதி உள்ளவர் எல்லார் பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதில் இருந்த குறைகள் தெரியும். பெண்ணுக்கும் நிலமில்லாதவனுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தகுதியைக் கறாராகப் பார்த்தார்கள். தகுதி தேறிய பிறகு, இவன் முதல், அவன் இரண்டாவது என்று வரிசைப்படுத்தவில்லை. ஓலைகள் எல்லாம் ஒரே குடத்தில்.

சங்கீதத்துக்கும் அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். ராஜரத்தினம் ஒரு ஓலை, காருகுறிச்சி ஒரு ஓலை, நாயனா பிள்ளை ஒரு ஓலை. பேரன் விரும்பினால் ஹெண்ட்ரிக்ஸுக்கும் ஒரு ஓலை போடட்டும். இன்றைக்கு எது கையில் வருகிறதோ அதைக் கேட்போம்.

பேரனிடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்தக் கோயில் தாத்தா பேரு என்ன?" என்று கேட்டான். பெயர் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் 'மேளக்காரர்' என்றுதான் கூப்பிட்டோம். இரண்டு நாள் விசாரித்துக் கோயில் தெருவில் ஒரு வயதான அம்மாவிடம் பெயரைத் தெரிந்துகொண்டேன். என் டயரியில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஆற்றில் வாசித்த இளைஞரைப் பேரன் கைபேசியில் நாற்பது நிமிடம் பதிவு செய்தான். உங்கள் ஊரிலும் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.