பேச்சாளரை அழைத்தவர்களும் அழைக்காதவர்களும்

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் உயர்தர மாணவர்கள் இந்த வருட இஸ்லாமிய மஜ்லிஸ் தினத்துக்கு ஒரு சட்டத்தரணியை அழைக்கக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே எழுதித் தந்தார்கள்: இஸ்லாமிய வெறுப்பும் எமது சிவில் உரிமைகளும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு வாப்பா எழும்பினார். "சேர், கிராஅத் போட்டி வைங்க, கஸீதா படிக்க வைங்க. பேச்சாளர் வேணுமென்டா நோன்பைப் பத்திப் பேச ஒரு மௌலவியைக் கூப்பிடுங்க. இந்தத் தலைப்பு எதுக்கு? நாளைக்கு ஒருத்தன் பெட்டிசன் அடிச்சா எங்கட பிள்ளைகள்ட பேரெல்லவா போகும்?" பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

அவரைக் கோழை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீட்டிலிருந்த கிதாபுகளை என்ன செய்வது என்று தெரியாமல் இரவில் விழித்திருந்தவர்கள் நாங்கள். சிலாவத்துறைப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், அவரும் ஓர் ஆசிரியர், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதி எழுதியவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். பிணை கிடைக்க 19 மாதங்கள் சென்றன. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்த பிறகு ஒரு தகப்பன் பயப்படாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் அவர் கேட்ட அதே கேள்வியை வேறொரு ஊரில் எங்கள் பிள்ளைகளின் வயதை ஒத்தவர்கள் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் முடிவு பதிவாகியிருக்கிறது. நான் வரலாறு படிப்பிக்கிறவன். கூட்டத்தில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

பேச்சாளரைப் பல்கலைக்கழகமே தடுப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். 1961இல் பெர்க்லி மாணவர்கள் மல்கம் எக்ஸை அழைத்தார்கள். அவர் மதப் போதகர் என்று காரணம் சொல்லி நிர்வாகம் வளாகத்துக்குள் விடவில்லை. மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே வேறொரு மண்டபத்தில் பேச வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1963இல், அதே வளாகத்துக்குள்ளேயே வந்து பேசிவிட்டுப் போனார். அந்தத் தடை கண்ணுக்குத் தெரிந்தது. சண்டை பிடிக்க ஒரு கதவு இருந்தது.

2001 செப்டம்பருக்குப் பிறகு நியூயோர்க்கில் நடந்தது அப்படியல்ல. யாரும் கதவை மூடவில்லை. முஸ்லிம் மாணவர் சங்கங்கள் கூட்டம் போட்டன, நோட்டீஸ் ஒட்டின, பேச்சாளர்களை அழைத்தன. பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. அந்த நகரப் பொலிஸார் கறுப்பின இயக்கத்தவர், போருக்கு எதிரானவர்கள், மாணவர்கள் என்று எல்லோரைப் பற்றியும் கோப்பு வைத்திருந்ததால் 1971இல் ஒரு வழக்குப் போடப்பட்டது. ஹான்ட்ஷூ வழக்கு என்பார்கள். 1985இல் நீதிபதி சார்ள்ஸ் ஹெய்ட் முன்னிலையில் இணக்கம் ஏற்பட்டது. குற்றம் சம்பந்தமான தகவல் ஏதாவது இருந்தால்தான் அரசியல் நடவடிக்கைகளைப் பொலிஸ் துருவலாம் என்று கட்டுப்பாடு வந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, முன்னர் சீஐஏயில் இருந்து வந்து பொலிஸ் புலனாய்வுக்குப் பொறுப்பாகிய டேவிட் கோஹன், இந்தக் கட்டுப்பாடு இருந்தால் வேலை செய்ய முடியாது என்று நீதிமன்றத்திடம் போனார். 2003இல் அதே நீதிபதி அதைத் தளர்த்தினார். இந்த நீதிபதியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

தளர்த்தியதும் என்ன நடந்தது என்பது 2011 ஓகஸ்ட் வரை வெளியே தெரியாது. அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் பொலிஸின் உள் ஆவணங்களை எடுத்து வெளியிடத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆவணங்களை வாசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. யேல், கொலம்பியா, ரட்கர்ஸ், பென்சில்வேனியா என்று நகரத்துக்கு வெளியேயும் உள்ள பல்கலைக்கழகங்களின் முஸ்லிம் மாணவர் சங்க இணையத்தளங்களை ஓர் அதிகாரி தினசரி வேலையாகப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார். 2006 நவம்பரில் பஃபலோ பல்கலைக்கழக மாணவி ஒருவர் டொரொன்டோவில் நடக்கவிருந்த ஓர் இஸ்லாமிய மாநாட்டின் அறிவித்தலைத் தன் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். எங்கள் வாட்ஸ்அப் குழுமத்தில் பயான் நோட்டீஸ் அனுப்புவதுபோலத்தான். அந்தப் பிள்ளையின் பெயர் பொலிஸ் ஆணையாளருக்காகத் தயாரிக்கப்பட்ட வாராந்த அறிக்கையில் ஏறியது.

வாப்பாமாரே, இதற்கடுத்ததைக் கவனமாக வாசியுங்கள். 2008 ஏப்ரலில் நியூயோர்க் சிட்டி கொலேஜ் மாணவர்கள் 18 பேர் ஆற்றில் ரப்பர் படகோட்டச் சுற்றுலா போனார்கள். பேச்சாளர் இல்லை. தலைப்பு இல்லை. அரசியல் இல்லை. அவர்களோடு ஒரு மறைமுகப் பொலிஸ்காரரும் படகில் ஏறினார். திரும்பி வந்து எழுதிய அறிக்கையில், குழுவினர் ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு தடவை தொழுதார்கள், பேச்சில் பெரும்பகுதி மார்க்கம் பற்றியது என்று குறித்திருக்கிறார். போனவர்களின் பெயர்களும் பதிவாயின. நம் பாடசாலை வருடாவருடம் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகிறதே, அதுபோல ஒரு பயணம். கிராஅத் போட்டி மட்டும் வைத்திருந்தால் தப்பியிருப்பார்களா?

இன்னொரு சம்பவம் பகிடி போலிருக்கும். 2009இல் நியூ ஜேர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அருகே, ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளர் ஒரு வீட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே கணினி, பயங்கரவாதம் பற்றிய காகிதங்கள், படங்கள். பயங்கரவாதிகள் தங்கியிருக்கிறார்கள் என்று பயந்து அவசர இலக்கத்துக்கு அழைத்தார். உள்ளூர்ப் பொலிஸும் எஃப்பிஐயும் ஓடி வந்தன. பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்து மாநிலமான நியூயோர்க்கின் பொலிஸார் வாடகைக்கு எடுத்திருந்த இரகசிய இடம்.

பொலிஸ் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். இப்படி மாணவர் சங்கங்களில் முன்னர் இருந்தவர்களில் 12 பேர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயங்கரவாதக் குற்றச்சாட்டில் கைதாகவோ தண்டிக்கப்படவோ செய்தவர்கள் என்று ஒரு பட்டியல் காட்டினார்கள். அது ஒரு வாதம். ஆனால் 2012இல் புலனாய்வுப் பிரிவின் தலைவர் தோமஸ் கலாட்டி சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தில், முஸ்லிம் குடியிருப்புகளைப் படம் போட்ட பிரிவின் அறிக்கைகளிலிருந்து தான் பொறுப்பில் இருந்த ஆறு வருடங்களில் ஒரு விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவும் எழுதியதன் வரவு அவ்வளவுதான்.

செலவு எங்கே விழுந்தது? 2013இல் சிட்டி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் 'கிளியர்' என்ற இலவச சட்ட உதவித் திட்டமும் வேறு இரண்டு அமைப்புகளும் 57 பேரைச் சந்தித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. மாணவர்கள் சொன்னவை எனக்குப் புதிதாக இருக்கவில்லை. புதிதாகத் தொழ வருகிற பிள்ளையை உளவாளியோ என்று சந்தேகிப்பது. அரசியல் தலைப்பு வேண்டாம் என்று சங்கமே முடிவெடுப்பது. ஒரு சங்கத்தின் அறையில், இங்கே அரசியல் பேசுவதைத் தவிர்க்கவும் என்று காகிதம் ஒட்டியிருந்தார்களாம். அந்தக் காகிதத்தை ஒட்டியது பொலிஸ் அல்ல, பிள்ளைகள். சந்தேகமும் சும்மா வந்ததல்ல. ஜோன் ஜே கொலேஜில் 19 வயது இளைஞர் ஒருவர், சின்னப் போதைப்பொருள் வழக்கில் மாட்டியவர், மாதம் 1,000 டொலர் வரை வாங்கிக்கொண்டு சங்கத்தின் சொற்பொழிவுகளுக்கு வந்து தகவல் அனுப்பினார். பேச்சை வளர்த்து, வருகிற பதிலைப் பதிவு செய் என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட முறை. கடைசியில் மனம் உறுத்தி அவரே வெளியே சொன்னார்.

பயந்து வாயை மூடியவர்களைக் கோப்பு விடவில்லை. பிறகு யார் அதை நிறுத்தினார்கள்? பெயரை வெளியே போட்டவர்கள். 2012 ஜூனில் நியூ ஜேர்சி முஸ்லிம்கள் ஹசன் வழக்கைத் தொடுத்தார்கள். முதலாவது வழக்காளி அமெரிக்க இராணுவத்தின் ரிசர்வ் படையில் சேவை செய்தவர். கூடவே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களின் முஸ்லிம் மாணவர் சங்கங்கள். இரகசியக் கோப்பில் பெயர் வந்ததாக முறையிட்டு, பகிரங்க வழக்கில் தங்கள் சங்கத்தின் பெயரைத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். 2014இல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீங்கு நேர்ந்தது பொலிஸ் கண்காணித்ததால் அல்ல, பத்திரிகை அதை வெளியிட்டதால் என்பது அந்தத் தீர்ப்பின் நியாயம்! 2015 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களுக்குச் செய்ததை ஞாபகப்படுத்தி, பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு கூட்டம் முழுவதையும் சந்தேகிக்கும் தவறை முன்னரும் செய்திருக்கிறோம் என்ற கருத்தில் எழுதியது. 2018இல் வழக்கு இணக்கத்துக்கு வந்தது.

நியூயோர்க்கிலும் 2013இல் ராசா வழக்கு வந்தது. அதையும் பழைய ஹான்ட்ஷூ வழக்கையும் சேர்த்து 2016 ஜனவரியில் ஓர் இணக்கம் எழுதிக் கையொப்பமிட்டார்கள். அங்கீகரிக்க வேண்டிய நீதிபதி யார் என்று நினைக்கிறீர்கள்? அதே சார்ள்ஸ் ஹெய்ட். 1985இல் கட்டுப்பாட்டை ஏற்படுத்தி 2003இல் தளர்த்தியவர், இந்த முறை, இது போதாது என்று திருப்பி அனுப்பினார். இன்னும் இறுக்கி எழுதிய பிறகு 2017 மார்ச்சில் ஏற்றுக்கொண்டார். மதமோ இனமோ விசாரணைக்கு முக்கிய தூண்டுதலாக இருக்கக் கூடாது, விசாரணைகளுக்குக் கால எல்லை வேண்டும், மேற்பார்வைக் குழுவில் பொலிஸ் அல்லாத ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. புரூக்ளின் கொலேஜில் மாணவிகள் முன்னால் கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்ததாகக் காட்டி வருடக்கணக்கில் பழகிய பெண் பொலிஸின் ஆள் என்பது 2015இல்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளின் மனதை எந்த இணக்கமும் ஆற்றாது.

இந்த வருடங்களில் அந்த மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல்களும் அழைத்த பேச்சாளர்களில் யாரெல்லாம் இருந்தார்கள் தெரியுமா? சட்டத்தரணிகள். கிளியர் திட்டத்தினர் வந்து, பொலிஸ் வீட்டுக்கு வந்தால் என்ன சொல்ல வேண்டும், எதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை, எப்போது சட்டத்தரணி கேட்கலாம் என்று உட்கார்ந்து விளக்கினார்கள். பின்வரிசையில் யாராவது எழுதிக்கொண்டிருந்தால் அவரும் சட்டத்தைப் படித்துக்கொண்டு போயிருப்பார்.

அந்த வாப்பாவை நேற்று அஸருக்குப் பிறகு பள்ளி வாசற்படியில் சந்தித்தேன். படகுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சட்டத்தரணி வந்தா பொம்புளப் பிள்ளைகளும் கேள்வி கேக்கலாமா?" என்றார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். கேட்கலாம் என்றேன்.

அழைப்புக் கடிதம் அதிபரின் மேசையில் இருக்கிறது. மஜ்லிஸ் பொறுப்பாசிரியராக நான் கையொப்பம் வைத்துவிட்டேன். பெற்றோர் சார்பில் இரண்டு கையொப்பங்கள் வேண்டும். வியாழக்கிழமை இரண்டு மணி வரை காரியாலயம் திறந்திருக்கும்.