கிம்மாஸ் சந்திப்பு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் கிம்மாஸ். ஊர் சிறிதாயினும் தீபகற்ப மலேசியாவின் இருபெரும் இருப்புப்பாதைகள் கூடும் இடம் அதுவே. கோலாலம்பூர், சிரம்பான் வழியாக வரும் மேற்குக் கரைப் பாதை அதனைக் கடந்து ஜொகூர் பாருவை நோக்கிச் செல்கிறது. கிழக்குக் கரைப் பாதையோ அங்கிருந்து பிரிந்து மெந்தகாப், கோலா லிப்பிஸ், குவா மூசாங் ஊர்களின் வழியே கிளந்தானின் தும்பாட்டில் முடிகிறது. பெயரில் கரை இருப்பினும் அது பெரும்பாலும் காண்பது காட்டையே.

1909 இல் ஜொகூர்ப் பாதை நிறைவுற்றது. 1910 இல் கிம்மாஸிலிருந்து பகாவ் வரை கிழக்குக் கிளை திறக்கப்பட்டது. மலையும் ஆறும் குறுக்கிட்டமையால் அக்கிளை முழுமை பெற 1931 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காடழித்து, மண் சுமந்து, தண்டவாளம் பதித்தவர்களுள் தென்னிந்தியத் தொழிலாளர் மிகப் பலர். தோட்டத்து மக்கள் கம்பிச்சடக்கு என வழங்கிய அப்பாதையில் அவர்தம் வியர்வை கலந்திருக்கிறது.

1942 சனவரியில் கிம்மாஸுக்கு அருகே ஆஸ்திரேலியப் படையினர் சப்பானியரை மறித்துப் போரிட்டனர். அடுத்த மாதமே சிங்கப்பூர் வீழ்ந்தது.

பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளப் பாதை அமைக்கச் சப்பானியர் முனைந்தனர். அதற்குத் தண்டவாளமும் வேண்டியிருந்தது, ஆட்களும் வேண்டியிருந்தனர். மலாயா, சயாம், பர்மா ஆகிய மூன்று நாடுகளின் பாதைகளும் ஒரே மீட்டர் அகலமுடையவை. ஆகவே மெந்தகாப்புக்கும் கிராய்க்கும் இடையே கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு அங்கே கொண்டு செல்லப்பட்டன. இரப்பர் ஏற்றுமதி நின்று வருவாயிழந்திருந்த தோட்டங்களிலிருந்து தமிழரும் கொண்டு செல்லப்பட்டனர். சிலரை நற்கூலி என்னும் சொல் ஈர்த்தது. பலரை வன்முறை இழுத்தது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து வண்டியேறியோர் கிம்மாஸைக் கடந்தே வடக்கே போயிருக்க வேண்டும். வேறு இருப்புப்பாதை இல்லை. ஒரு தலைமுறை பதித்த இரும்பும் அடுத்த தலைமுறையின் உடலும் ஒரே இடத்திற்குப் போய்ச் சேர்ந்தன என்பதை வெறும் போக்குவரத்துச் செய்தியாக எழுதிச் செல்லுதல் தகாது.

1943 அக்டோபரில் அப்பாதை முடிந்தது. காலராவும் பசியும் மலேரியாவும் அடியும் கொன்ற ஆசியத் தொழிலாளர்களின் தொகை, அங்கே இறந்த ஏறத்தாழ 12,000 போர்க் கைதிகளின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியது. எஞ்சியோரிற் பலர் நோயுடன் திரும்பினர்.

பெயர்க்கப்பட்ட கிழக்குக் கரைப் பாதையை மீண்டும் அமைக்கும் பணி 1954 இல் நிறைவெய்தியது. மின்சார இரட்டைப் பாதை 2013 இல் சிரம்பானிலிருந்து கிம்மாஸை எட்டியது. சயாமிலோ, காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகத் துயில்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவரோ காட்டுப் புதைகுழிகளில் பெயரின்றிக் கிடக்கின்றனர்.