பூனை எண் 400



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். "சார், பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாட விட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கழிவைக் கடலில் விட்டது. அதிலிருந்த மெத்தில் பாதரசம் மீனுக்குள் போனது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன. பிறகு மனிதர்களுக்கும் நடுக்கம், பார்வைக் குறைவு, மரணம். 1956 மே 1 அன்று ஆலை மருத்துவமனைத் தலைவர் ஹொசோகவா இந்தப் புது நோயைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். 1959இல் ஆலைக் கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் எண் 400. அதற்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் முடிவை மறைத்தது. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல்தான்!

பாதரசம் ஏன் நஞ்சு? நம் உடலை இயக்கும் நொதிகளில், அதாவது என்சைம்களில், கந்தகம் உள்ள இடத்தில் அது ஒட்டிக்கொண்டு வேலையை முடக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த நஞ்சை ஒளியால் காட்ட முடியுமா?

1852இல் ஸ்டோக்ஸ், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டால் குயினைன் கரைசல் நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்து அதற்கு 'ஃப்ளூரசன்ஸ்' என்று பெயர் வைத்தார். 1980களில் எக்கிமோவும் புரூஸும், துகள் நானோ அளவுக்குச் சிறுத்தால் அளவைப் பொறுத்து அதன் நிறம் மாறுவதைக் கண்டார்கள். 1993இல் பவேண்டி அவற்றைச் சீராகச் செய்யும் வழி கண்டார். மூவருக்கும் 2023 நோபல்.

அப்படி ஒளிரும் துகளில் பாதரசம் ஒட்டினால் வெளிச்சம் மங்கும். எவ்வளவு மங்கியது என்று அளந்தால் பாதரசத்தின் அளவு தெரியும். நொதியை அளக்க இதைத் திருப்பிப் போடுவார்கள். ஒளியை அடக்கும் பொருளைத் துகளோடு கட்டி வைப்பார்கள்; நொதி அந்தக் கட்டை வெட்டினால் வெளிச்சம் திரும்பும்.

இதில் ஒரு வேடிக்கை. நல்ல துகள்கள் பலவும் காட்மியத்தில் செய்தவை. அதுவும் நஞ்சுதான். ஜப்பானின் தொயாமாவில் அது எலும்பை நொறுக்கிய நோய்க்குப் பெயரே 'இதாய் இதாய்'. 'வலிக்குதே வலிக்குதே' என்று பொருள். 2004இல் வேறொரு ஆய்வின் நடுவே தற்செயலாக ஒளிரும் கார்பன் துகள் கிடைத்தது. இப்போது ஆரஞ்சுச் சாற்றிலிருந்துகூடச் செய்கிறார்கள்.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்தில்தான். ஆற்றுநீரில் உள்ள மற்ற பொருள்களும் ஒளியைக் குழப்பும். ஆனாலும் நான் காத்திருக்கிறேன். மினமாட்டாவில் உண்மை கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. ஒரு கட்டடத்துக்குள் பூட்டப்பட்டது. மீனவர் கையிலேயே சோதனைத் தாள் இருந்தால் யாரால் பூட்ட முடியும்?

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கதை நம் பக்கத்திலேயே நடந்தது. அது மூடியது 2001இல்.

உங்களில் ஆசிரியர்களானவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெர்மாமீட்டர் உடைந்தால் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

மன்னித்துவிடுங்கள், பிள்ளைகளா. நலமாக இருங்கள்.