முடிவு சொல்லப்படாத முடிவு: ஆப்பிள்-2 கணினி வரிசையின் கடைசிப் பத்தாண்டு

1984 ஏப்ரல் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில், ‘என்றென்றும் ஆப்பிள்-2’ என்ற முழக்கத்துடன் 2சி கணினி அறிமுகமானது. ஆப்பிள்-2 மென்பொருள்களை ஏற்காத மேக்கின்டாஷ் வந்து அப்போது மூன்று மாதமே ஆகியிருந்தது. 1977இல் ஸ்டீவ் வாஸ்னியாக்கின் வடிவமைப்பில் பிறந்த ஆப்பிள்-2தான் அதுவரை நிறுவனத்துக்குச் சோறு போட்டது. 1980இல் வந்த ஆப்பிள்-3, 1983இல் வந்த லிசா ஆகியவற்றின் தோல்விகளைத் தாங்கியதும் அதன் வருவாயே. ஆப்பிள்-2 பிரிவுக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்ற மனக்குறையோடு 1985 தொடக்கத்தில் வாஸ்னியாக் வெளியேறினார். உறுதிமொழி மேடையிலும் முதலீடு வேறிடத்திலும் இருந்த இந்த இடைவெளியே பின்னர் வந்த நிச்சயமின்மைக்கு வேர் என்பது என் வாதம். வரிசை மூப்படைந்ததால் கைவிடப்பட்டது என்பதைவிட, கைவிடப்பட்டதால் மூப்படைந்தது என்பதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இதற்கு வலுவான மறுப்பு தொழில்நுட்பத்திலிருந்து வரும். 6502 என்ற 8 பிட் செயலியின் மேல் எழுந்த கட்டடம் எத்தனை மாடி தாங்கும் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு 1986 செப்டம்பரில் ஆப்பிளே விடை தந்தது. அப்போது வந்த, வரிசையின் புதிய கணினியான 2ஜிஎஸ் பழைய மென்பொருள்களை இயக்கியது. 16 பிட் வழியில் செயல்படும் 65சி816 செயலி, 4096 நிறங்களைக் கொண்ட வண்ணத் தொகுப்பு, என்சோனிக் ஒலிச் சில்லு ஆகியவையும் அதில் இருந்தன. ஆனால் அதன் வேகம் 2.8 மெகாஹெர்ட்ஸ். 1989இல் நினைவகம் கூட்டப்பட்டது. 1992 வரை வேகம் மட்டும் கூடவே இல்லை. 1988இல் வந்த எளிய 8 பிட் 2சி பிளஸ்ஸுக்கோ 4 மெகாஹெர்ட்ஸ் வேகம் கிடைத்தது. வரிசையின் தலைமகனைவிட இளையவனின் கடிகாரம் வேகமாக ஓடிய இந்த முரணைச் செயலியின் இயல்பால் மட்டும் விளக்க முடியாது. வேகமான 65சி816 சில்லுகளைப் பேரளவில் பெறுவது தொடக்கத்தில் கடினமாக இருந்தது உண்மை. அப்ளைடு இன்ஜினியரிங், ஜிப் டெக்னாலஜி போன்ற சிறு நிறுவனங்கள் 7, 8 மெகாஹெர்ட்ஸ் முடுக்கி அட்டைகளை விற்கத் தொடங்கிய பிறகு, அந்தக் காரணத்தின் வலு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வரிசைகளை ஒரே நிறுவனம் எவ்வளவு காலம் சுமக்கும் என்பது நியாயமான இன்னொரு கேள்வி. மேக்கின்டாஷைத் தேர்ந்ததை நான் பிழை என்று சொல்லவில்லை. தேர்ந்ததை வெளிப்படையாகச் சொல்லாததே பிழை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் மென்பொருள் எழுதியோரும் பள்ளிகளும். மின்னசோட்டாவின் மெக் நிறுவனம் தயாரித்த பாடநிரல்களால் நிறைந்திருந்த வகுப்பறைகள், அடுத்து எந்தக் கணினியை வாங்குவது என்று தெரியாமலே ஆண்டுகளைக் கடத்தின. மாறிச் செல்ல ஒரு பாலம் 1991இல்தான் கிடைத்தது. மேக்கின்டாஷ் எல்சிக்குள் பொருத்தும் அட்டை ஒன்று, ஆப்பிள்-2 வரிசையின் 2இ கணினிக்கான மென்பொருள்களை அப்படியே இயக்கியது. அந்தப் பாலம் 2இ-க்கு மட்டுமே போடப்பட்டது. 2ஜிஎஸ்ஸுக்காக எழுதப்பட்ட நிரல்கள் அதில் ஓடவில்லை. நிறுவனத்தின் பேச்சை நம்பிப் புதியதை வாங்கியவர்களே கரையில் நின்றார்கள். 1992 டிசம்பரில் 2ஜிஎஸ் நிறுத்தப்பட்டது. 1983இல் பிறந்த 2இ-யின் விற்பனை அதன் பின்னும் 1993 நவம்பர் வரை நீடித்தது.