படையிலோ பள்ளியிலோ

போருக்குப் பிந்தைய படைச் சீரமைப்பைப் பற்றி ராணுவ வரலாறுகள் எண்களில்தான் பேசும். எந்த டிவிஷன் கலைந்தது, எது புதிதாய் வந்தது, அவ்வளவுதான். 1946இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 50ஆவது கவசப் படைப்பிரிவு உருவானது என்பதும் அப்படியொரு தகவல். யார் யாரோடு ஒரே பாசறையில் படுப்பது, ஒரே பந்தியில் உட்காருவது என்ற கேள்வியை இந்த எண்கள் மறைத்துவிடுகின்றன.

நேஷனல் கார்டு எனும் இந்தச் சேமப்படை இரண்டு எஜமானர்களுக்கு உரியது. அமைதிக் காலத்தில் கவர்னர் கையில் இருக்கும். பணமும் அங்கீகாரமும் வாஷிங்டனிலிருந்து வரும். 1946 ஏப்ரலில் ராணுவம் ஏற்ற கில்லம் குழுவின் கொள்கை கறுப்பர்களுக்குச் சுமார் 10 சதவீத இடம் தந்தது, தனிப் பிரிவுகளில். உள்ளே வா, ஆனால் திண்ணையோடு நில் என்கிற கதைதான்.

1947 நவம்பரில் நியூஜெர்சி மக்கள் வாக்களித்து ஏற்ற புதிய அரசியல் சாசனம் வேறுமாதிரி பேசியது. மதம், இனம், நிறம் காரணமாக மாநிலப் படையிலோ பொதுப் பள்ளியிலோ எவரையும் பிரித்துவைக்கக் கூடாது என்றது. ராணுவத்தின் கொள்கையோடு இது நேரடியாக மோதியது. கவர்னர் டிரிஸ்கால் விட்டுக்கொடுக்கவில்லை. 1948 பிப்ரவரியில் ராணுவ அமைச்சர் கென்னத் ராயல் நியூஜெர்சிக்கு விலக்களித்தார். தென்மாநிலங்கள் நிறப் பிரிவினையைக் காக்கத் தூக்கிய 'மாநில உரிமை' என்ற சொல்லாடல் இங்கே அதற்கு எதிராகத் திரும்பியது.

ட்ரூமனின் 9981ஆம் ஆணை வந்தது ஐந்து மாதம் கழித்து, ஜூலை 26இல். அதுவும் மத்திய ராணுவத்தைத்தான் தொட்டது. கவர்னர்களின் படையைத் தொடவில்லை. இதன் விலை 1957இல் தெரிந்தது. லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பு மாணவர்களைத் தடுக்க ஆர்கன்சா கவர்னர் ஃபாபஸ் நிறுத்தியது இதே நேஷனல் கார்டைத்தான். செப்டம்பர் 24இல் ஐசனோவர் அந்தப் படையைத் தன் கட்டளைக்குள் எடுத்தார். 101ஆவது வான்வழிப் பிரிவையும் அனுப்பினார். தடுத்து நின்ற படையே பின்னால் அந்த மாணவர்களுக்குக் காவல் நிற்க வேண்டியதாயிற்று.

நியூஜெர்சி சாசனம் படையையும் பள்ளியையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது தற்செயலாக எனக்குப் படவில்லை. ஒன்றில் பிரித்துவைத்தால், அதுவே மற்றதன் வாசலில் துப்பாக்கியோடு வந்து நிற்கும்.

மாநில சுயாட்சி என்றாலே தலையாட்டிப் பழகியவன் நான். இப்போதும் ஆட்டுகிறேன். ஆனால் அதிகாரம் டெல்லியிலா சென்னையிலா என்று கேட்பது பாதிக் கேள்விதான். வந்த அதிகாரம் பந்தியில் யாரை எங்கே உட்காரவைக்கிறது என்பது மீதிப் பாதி. அதைக் கேட்க நாம் தயங்குகிறோம்.